மண்ணில் கிடந்த காசு

வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். இரண்டு முஸ்லிம் ஊர்களுக்கிடையே கிடக்கிறது தமிழ்க் கிராமமாகிய காரைதீவு. அதன் கடற்கரையில் ஒரு மாணவன் உலோகமறி கருவியை ஏந்தி நடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஒலிக்கிறது. ஒரு சாண் ஆழத்தில் களிம்பேறிய செப்புக்காசு ஒன்று அகப்படுகிறது. அது யாருடையது? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் நம் காலத்தின் பெரிய அறப்பிரச்சினை ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

உடைமை பேசுமுன் பொருளை அறிய வேண்டும். குடத்தைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். எடை, விட்டம், உருவம், எழுத்து ஆகியவற்றோடு, கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்த பொருள்களையும் குறித்தலே முறை. பின்னிக் கிடக்கும் மூன்று உரோம எழுத்துகளும் ஆண்டெண்ணும் காணப்பட்டால் அது ஒல்லாந்தக் கம்பனியின் காசு. காளையும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் இருந்தால் யாழ்ப்பாண மன்னருடையது. ஒரு புறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் இருந்தாலோ, அது முதலாம் இராசராசனுடையதாகலாம். பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய இலங்கை ஆட்சியாளருடையதாகவும் ஆகலாம். பெயரைப் படித்தே பிரித்தறிய வேண்டும். 1924இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணய நூல் இவ்வகையில் இன்றும் துணைசெய்வது.

“கண்டெடுத்தவனுக்கே காசு” என்பது ஒரு விடை. ஆயின், 1961இல் தென்கடலின் கிரேட் பேசஸ் பாறையருகே கண்டெடுக்கப்பட்ட வெள்ளி ரூபாய்களை எண்ணிப் பார்ப்போம். அவை மூட்டை மூட்டையாக ஒட்டிக் கிடந்தன. ஹிஜ்ரி 1113 என்ற ஒரே ஆண்டைத் தாங்கியிருந்தன. சூரத்தில் ஔரங்கசீப் பெயரால் அடிக்கப்பட்டவை. ஒன்றாகக் கிடந்தமையாலேயே ஒரு கப்பலின் கதையை அவை சொல்லின. தனித்தனியே எடுத்து விற்கப்பட்டிருப்பின் அவை வெறும் வெள்ளி. இடத்தினின்று பிரிந்த காசு ஊமையாகிறது. அவ்வூமைத்தன்மையை விலைக்கு விற்பவன் தன் பொருளை விற்கவில்லை; நம் அனைவரின் நினைவையும் விற்கிறான்.

“அரசினுடையது” என்பது சட்டத்தின் விடை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. அனுமதியின்றி அவற்றைத் தேடி அகழ்தல் குற்றம். சட்டத்தின் நோக்கம் நன்று. ஆனால் அரசு என்பது யார்? 2020 ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுக்கென, பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் தமிழ் பேசும் அம்மாகாணத்துக்கான அவ்வணியில், அமைத்த வேளையில், தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. அகழ்வாய்வு நில அபகரிப்பின் முன்னோடியாகுமோ என்று மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

அவ்வச்சம் நியாயமானது. எனினும், அதன் பெயரால் காசை மறைப்பதோ, ‘சேது’ என்ற சொல்லைக் கண்டதும் “இம்மண் நமக்கே” என்று முழங்குவதோ நியாயமாகா. எதிரி சான்றைத் திரிக்கிறான் என்பதற்காக நாமும் திரித்தல் ஆகுமா?

காசையே கேட்போம். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக்காசுகள் இத்தீவில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அதனால் இலங்கை உரோமருக்குரியது என்பார் எவருமில்லர். இராசராசன் காசிலும் பராக்கிரமபாகு காசிலும் பெயர் பொறித்த எழுத்து நாகரி, தமிழுமன்று, சிங்களமுமன்று! பகைவர் என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட இருவரும் ஒரே அமைப்பில் காசடித்தனர். காசு நிலத்தின் உறுதிப்பத்திரமன்று. மனிதர் ஒருவரோடொருவர் கொடுத்து வாங்கிய உறவின் சான்று.

இன்னொன்றும் உண்டு. கருவி உலோகத்தை அறியுமேயன்றிக் காலத்தை அறியாது, துயரத்தையும் அறியாது. இந்நாட்டில் அதே கருவியின் ஒலிக்குக் காதுகொடுத்துத்தான் கண்ணிவெடிகளை அகற்றினார்கள். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. இம்மணலில் ஒலிப்பது பழங்காசாகவும் இருக்கலாம்; அன்று மூழ்கிய ஒரு தாயின் தாலியாகவும் இருக்கலாம். அதற்குச் சட்டம் வகுத்த 1815 என்ற எல்லை பொருந்துமா? எடுத்தவன் அதைத் தனதென்று சொல்ல நாக்கூசாதா?

ஆகவே, யாருடையது என்ற வினாவைவிட, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம் என்ற வினாவே முதன்மையானது. அகழாதீர், தற்செயலாய்க் கண்டால் தேய்க்காதீர், இடத்தைக் குறித்துப் படமெடுத்து அறிவியுங்கள். அதே மூச்சில், ஆராயும் சபையில் இம்மண்ணின் மூவின அறிஞரும் அமர வேண்டும், முடிவு மும்மொழியிலும் வெளிவர வேண்டும் என்று உரத்துக் கேளுங்கள். பழைய நூற்சான்றுகளைத் துருவி, மறைந்த யாழை 1947இல் ‘யாழ் நூல்’ வழியாக மீட்டுத் தந்த விபுலாநந்தர் பிறந்த ஊர் காரைதீவு. சான்றுக்கு நேர்மையாயிருத்தல் அவ்வூருக்குப் புதிதன்று.

காசின் மேல் உருவம் மன்னனுடையது. அதைத் தேய்த்து மழுங்கச் செய்தவையோ மீன் விற்ற கைகள், நெல் அளந்த கைகள், கூலி பெற்ற கைகள். அவர்கள் பெயர் எக்காசிலும் இல்லை. அத்தேய்மானமே அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து. அதைப் படிக்கக் கற்பதே நம் கடன்.