எதிர்த்திசையில் சுற்றும் நிலா



நெப்டியூனுக்கு டிரைட்டன் என்று ஒரு நிலா இருக்கு. குறுக்களவு சுமார் 2,700 கிலோமீட்டர். 1846-இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட 17-ஆம் நாளே வில்லியம் லசல் இதைக் கண்டுபிடித்துவிட்டார். நெப்டியூன் ஒரு பக்கமா சுழலுது. டிரைட்டன் அதுக்கு நேர் எதிர்ப் பக்கமா, ஆறு நாளுக்கும் குறைவா, ஒரு சுற்று சுத்தி வருது. பெரிய நிலாக்களில் இப்படிச் சுற்றுவது இது ஒன்றுதான்.

அது அங்கே பிறந்ததில்லை. புளூட்டோ இருக்கும் பக்கத்தில் அலைந்தது, கிட்ட வந்தபோது ஈர்ப்பில் சிக்கியது என்பது விஞ்ஞானிகள் கருத்து. "திசையை மாத்திட்டு வா, அப்புறம் சேர்த்துக்கிறேன்"னு நெப்டியூன் சொல்லல.

இதைப் படிச்சதும் எனக்குச் சாக்கிய நாயனார் ஞாபகம். பெரியபுராணத்தில் வருகிறார். பௌத்தக் கோலத்தை மாற்றவே இல்லை. பூவுக்குப் பதிலா தினமும் சிவலிங்கத்தின் மேல் ஒரு கல் எறிவார், அதுக்கப்புறம்தான் சாப்பாடு. ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் பசியோடு எழுந்து ஓடினார். பார்க்கிறவனுக்கு அது கல்லெறி. இறைவனுக்கு அதுவே பூசை.

இன்னொன்று. நம்ம நிலா பூமி சுழலும் திசையிலேயே ஒழுங்கா போகுது, ஆனா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே இருக்கு. எதிரே போகிற டிரைட்டனோ நெருங்கி வருது. திசை எதிராக இருப்பதால், கிரகத்தின் இழுவை அதன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. (சுமார் 360 கோடி வருஷத்தில் ரொம்ப நெருங்கி உடைந்துபோகலாம் என்கிறார்கள். உவமையை அதுவரைக்கும் இழுக்க வேண்டாம்!)

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் நம்ம சமய வகுப்பில் ஒரு தம்பி, "கல்லுக்கு ஏன் பால் ஊத்தணும்?"னு கேட்டான். அன்று வகுப்பு நடத்தியது நான்தான். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்காரு"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரல, அதுக்கப்புறமும் வரல. அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துட்டோம்.

ஆனா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவை மோட்டாரில் கொண்டுவந்து விடுகிறான். உள்ளே வருவதில்லை. பூசை முடியும்வரை வெளியே மோட்டார் மேலேயே உட்கார்ந்திருக்கான். விட்டுட்டு வீட்டுக்குப் போய்ட்டு வரலாமே? போவதில்லை.

இந்த வெள்ளி நான் வெளியே போய் அவன் பக்கத்தில் உட்காரப் போறேன். முதலில் மன்னிப்பு. பால் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இன்னும் இல்லை. அதையும் அவனிடமே சொல்லிடுவேன்.