சனிக்கிழமைப் பறை

நாற்பத்தாறு வயதில் பறை கற்றுக்கொள்ளப் போனேன். பெரிய காரணம் ஏதுமில்லை. அலுவலகம், சமையல், மகனின் பரீட்சை என்று நான் செய்த எல்லாமே யாருக்காவது பயன்பட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் பயன்படாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

கைக்கு முன்னால் கால்தான் கற்க வேண்டியிருந்தது. காலை அகட்டி நிற்க வேண்டும். பறை தோளில் தொங்கும்; ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. அடிக்கேற்ப உடம்பு முழுவதும் ஆடும். ‘பொம்பளப் புள்ள, காலைச் சேத்து வெச்சு உக்காரு’ என்று வளர்க்கப்பட்ட உடம்பு இது. முதல் மாதம் தாளம் வந்ததைவிட வெட்கம் போனதுதான் அதிகம். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, ஓர் அடி போட்டுப் பார்த்து, அது கணீரென்று திரும்பப் பேசும்போது வரும் சந்தோஷத்தை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

என்னோடு ஒரு கல்லூரி மாணவியும் கற்றாள். அவளுடைய தாத்தா பறையடித்தவர். ஒருநாள், “உனக்கு ரத்தத்துலயே இருக்குமே” என்றேன், பாராட்டுவதாக நினைத்து.

“ரத்தத்துல இல்லக்கா, தாத்தா தோள்ல இருந்துச்சு. ஊர்ல எழவு விழுந்தா போய்த்தான் ஆகணும்.”

அவள் அப்பா பறையைத் தொடாமல் வெளியூர் வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தவர். வகுப்புக்கு வருவது அவருக்குத் தெரியாது. பறையோடு நான் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பும்போது அவள் தள்ளி நின்றுகொள்வாள்.

பொழுதுபோக்கு என்றால் பொழுது நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் நன்றாகவே அறிவோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும் என்பதை நான் யோசித்ததில்லை. எந்தச் சனிக்கிழமையும் நான் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று மறுத்ததற்காகவே தலித்துகள் தாக்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

அப்படியானால் விட்டுவிட வேண்டுமா? ‘சாவு மேளத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே’ என்ற என் மாமியாருக்குத்தான் அது வசதி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள், ஆண்களின் கையிலிருந்த பறையை எடுத்து, இழிவென்று சொல்லப்பட்டதைத் தங்கள் பெருமையாக மேடையேற்றினார்கள். அந்தப் பெருமையை நான் கடன் வாங்க முடியாது. என் கால் விடுபட்டது என் விடுதலை; அவ்வளவுதான். அது பொய்யில்லை, ஆனால் சிறியது.

போன மாதம் ஊரில் பெரியப்பா இறந்தார். வாசலுக்கு வெளியே வெயிலில் நான்கு பேர் வாசித்தார்கள். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி, அவர்களுக்குக் காகிதக் கோப்பையில். அவர்கள் வாசித்த ஓர் அடி எனக்குத் தெரிந்தது. உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த என் விரல் தொடையில் அதைத் தட்டியது. டம்ளரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. துக்க வீடு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் சொன்னேன். வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: “வாசிச்சவங்க பேரக் கேட்டீங்களாக்கா?”

கேட்கவில்லை.