பிரியமான பாட்டைப் பிறருக்குச் சொல்வது

தனக்கு உயிராகிவிட்ட ஒரு பாட்டை மற்றொருவரிடம் "இதைக் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு மனிதன் சொல்லும்போது அவன் உண்மையில் செய்வது என்ன என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும், பக்தியைக் குறித்தும் உபதேசத்தைக் குறித்தும் காவிய ரஸத்தைக் குறித்தும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த விசாரத்தின் ஒரு கிளைதான். அனுபவம் என்பது அவரவர் ஹிருதயத்துக்குள்ளே நிகழ்வது. அதைக் கைமாற்றித் தர முடியுமா? முடியாது என்றால் சொல்வதால் என்ன பிரயோஜனம்? முடியும் என்றால் யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாகாது?

சிங்கப்பெருமாள் கோவிலில் இந்தக் கேள்வி வெறும் தர்க்க விநோதமாக எழுவதில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் மறைமலை நகரிலும் வேலை பார்த்துக்கொண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் இவ்வூரில் ஏராளம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறபோதும், தாம்பரம் செல்லும் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கிறபோதும் அவர்கள் காதில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஒரு நாள் பிளாட்பாரத்தில் என்னிடம், "சார், சினிமாப் பாட்டு தவிர பேண்டு, ராக்குனு சொல்றாங்களே, அதுல எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், நரசிம்மர் குடியிருக்கும் ஊரில் இதெல்லாம் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். இளைஞரின் கேள்வியும் பெரியவரின் பார்வையும் ஒருங்கே என்னைச் சிந்திக்க வைத்தன.

பரத முனிவர் நாட்டிய சாஸ்திரத்தில் எட்டு ரஸங்களைச் சொன்னார். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் அந்நூலுக்கு உரை எழுதுகையில் சாந்தத்தை ஒன்பதாவது ரஸமாக நிலைநிறுத்தியதோடு, ரஸம் பாட்டில் இல்லை, கேட்கிறவனுடைய உள்ளத்திலேயே விளைகிறது என்ற கருத்தையும் விரிவாக ஸ்தாபித்தார். அவ்வாறாயின் எல்லோருக்கும் அது ஏன் விளைவதில்லை? விக்னங்கள் குறுக்கிடுகின்றன என்பது அவருடைய சமாதானம். தன் சொந்த சுகதுக்கங்களிலேயே ஒருவன் மூழ்கிக் கிடப்பதையும் அவ்விக்னங்களில் ஒன்றாக அவர் எண்ணுகிறார். இதைப் படித்த பிறகு, பாட்டைச் சொல்கிறவனுடைய கடமை எனக்குத் தெளிவாகிவிட்டது. ரஸத்தைப் பிறர் நெஞ்சில் ஊற்றிவிட எவனாலும் ஆகாது. குறுக்கே நிற்கும் விக்னத்தை விலக்கிவிட ஆகும்.

இவ்வூர்க் கோயிலிலேயே இதைக் கண்ணால் காணலாம். பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதி குன்றைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துக் குகைக்கோயில். கர்ப்பகிருகம் மலையோடு ஒன்றியிருப்பதால் பெருமாளை வலம்வர நினைப்பவர்கள் குன்றையே சுற்றிவர வேண்டும். மூலவருக்கு நெற்றிக்கண் உண்டு. ஆனால் அது திருமண்காப்பினால் மறைந்திருக்கும். சேவிப்பவர்கள் அருகில் வந்து நின்றதும் அர்ச்சகர் ஒரு கையால் அந்த நாமத்தை மெல்ல விலக்கி, மறு கையால் தீபத்தை உயர்த்திக் காட்டுகிறார். சில விநாடிகள்தாம். கண்டவர் கண்டார், காணாதவர் காணவில்லை. ஒருவருக்கு மெய் சிலிர்க்கிறது. இன்னொருவர் கூட்ட நெரிசலில் வேறெங்கோ பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அர்ச்சகர் அதற்காக யாரையும் கடிந்துகொள்வதுமில்லை, அந்தக் கண்ணைத் தாம் உண்டாக்கியதாக நினைத்துக்கொள்வதுமில்லை. மறைப்பை நீக்கி வெளிச்சத்தைப் பிடிப்பதோடு அவர் காரியம் முடிந்துவிடுகிறது.

தமிழர் செவியில் படிந்திருக்கும் மறைப்புகள் பல. முதலாவது சினிமா. நமக்குப் பாட்டு என்பது பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. கதாநாயகன் வாயசைக்காத பாட்டு, படத்தின் பெயர் ஒட்டாத பாட்டு, எவ்வளவு மேன்மையானதாயினும் நம் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே போய்விடுகிறது. சொந்தப் பணத்தைப் போட்டுச் சொந்த வார்த்தைகளைப் பாடும் சுயேச்சையான இசைக்குழுக்களுக்குப் பட முதலாளியும் இல்லை, விளம்பரமும் இல்லை. கேட்டவர் கேளாதவருக்குச் சொல்வது ஒன்றே அவர்கள் பிறரை எட்டுவதற்கு உள்ள வழி. ஆதலால் இங்கே பரிந்துரை என்பது வெறும் பொழுதுபோக்கு ஸம்பாஷணை ஆகாது. அதில் நியாயத்தின் அம்சமும் கலந்திருக்கிறது.

இரண்டாவது மறைப்பு இதைவிடக் கொடியது. பறையொலி காதில் விழுந்ததும் முகத்தைச் சுளிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது ஸங்கீத ஞானமா? ஜாதி அபிமானம்தான் கற்றுக்கொடுத்தது. கானாவைச் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கியதும் அதுவே. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடையேறியபோது, கோட்டும் சூட்டும் அணிந்த 19 கலைஞர்கள் பறையையும் சட்டியையும் கிதாரோடும் டிரம்ஸோடும் சமமாக நிறுத்தி வாசித்தார்கள். ஜாதியற்ற தமிழர் என்று தம் மக்களை அடையாளப்படுத்திய பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து அக்குழு தன் பெயரைப் பெற்றது. அதில் பாடிய இசைவாணி, ஆண்களே ஆண்டுவந்த கானா உலகில் தனக்கென ஓரிடத்தைப் பிடித்தவர், 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இவர்களுடைய பாட்டுகளில் எல்லாமே கலை நயத்தில் ஒரே தரத்தவை என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் கோஷம் பாட்டை முந்திவிடுகிறது. எனினும் பறையும் கிதாரும் ஒரே காலப்பிரமாணத்தில் இணைந்து எழும்புகிற இடத்தில், நம் செவியைப் பற்றியிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுவதை உணராமல் இருக்க முடியாது. அபிநவகுப்தர் கண்ட விக்னங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, யாருக்குச் சொல்வது என்னும் கேள்விக்கு வருவோம். அதிகாரி பேதம் என்று சாஸ்திரம் ஒன்று வைத்திருக்கிறது. தகுதியில்லாதவனுக்கு உயர்ந்த வஸ்துவைச் சொன்னால் வஸ்துவுக்கும் கேடு, அவனுக்கும் கேடு என்பது அதன் வாதம். கீதையின் கடைசி அத்தியாயத்தில், கேட்க விருப்பமில்லாதவனுக்கு இதைச் சொல்லாதே என்று பகவானே விலக்குகிறார். ஆனால் தகுதி என்பது என்ன? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக அந்த இளைஞர்கள் தினந்தோறும் போய்வரும் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். அங்கே அவதரித்த ராமாநுஜர் அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். ஆசாரியரான திருக்கோஷ்டியூர் நம்பி அவரைப் பதினெட்டு முறை ஸ்ரீரங்கத்திலிருந்து நடக்கவிட்ட பிறகே ரகசியப் பொருளை உபதேசித்தார் என்றும், பிறருக்குச் சொன்னால் நரகம் என்ற நிபந்தனையைக் கேட்ட பின்னும் ராமாநுஜர் அதைக் கூட்டத்துக்கு முன்னால் உரக்கச் சொல்லிவிட்டார் என்றும், அவருடைய கருணையைக் கண்டு நம்பியே நெகிழ்ந்து எம்பெருமானார் என்று தழுவிக்கொண்டார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. பின்னாளில் மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் இதைக் குறிப்பிடுகையில், முன்னிருந்த ஆசாரியர்கள் ஒருவருக்கொருவராய்ச் சொல்லிவந்ததை ராமாநுஜர் மாற்றி, ஆசையுள்ள எல்லோருக்கும் சொல்லும்படி வரம்பை அறுத்தார் என்கிறார். குலமும் கல்வியும் வயதும் தகுதியல்ல, ஆசையே தகுதி. கேட்க விருப்பமில்லாதவனிடம் திணிக்கலாகாது. விருப்பத்தோடு வந்தவனைத் திருப்பியனுப்பலாகாது. கீதையும் ராமாநுஜரும் இந்த இடத்தில் முரண்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொல்கிறவனுக்கு எவ்வளவு ஞானம் வேண்டும்? இதற்கும் வைஷ்ணவ ஸம்பிரதாயத்திலேயே பதில் இருக்கிறது. காட்டுமன்னார் கோயிலில் நாதமுனிகள் இருந்த காலத்தில், அங்கு வந்த யாத்திரிகர்கள் சிலர் குடந்தை ஆராவமுதப் பெருமாளைப் பாடும் ஒரு திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினார்கள். அதில் மெய்மறந்த நாதமுனிகள், ஆயிரத்துள் இது பத்து என்று நம்மாழ்வாரே சொல்வதைக் கவனித்து, மற்றவை எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் அந்தப் பத்து மட்டுமே. அந்தப் பத்து எழுப்பிய தாகந்தான் அவரை ஆழ்வார் அவதரித்த திருக்குருகூர்வரை இழுத்துச் சென்றது. அந்த ஆயிரம் மட்டுமல்ல, ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் மீண்டு வந்தன. அவற்றைப் பண்ணோடு தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்து அவர் பரம்பரையைத் தொடங்கினார். அந்த யாத்திரிகர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பத்து மட்டுமே தெரிந்தவர்கள், அதையும் வாய்விட்டுப் பாடாமல் அடக்கமாக இருந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆகையால் ராக் இசையின் சரித்திரம் முழுவதும் தெரிந்தால்தான் ஒரு குழுவின் பெயரைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று கூசுகிறவர்கள் அந்தக் கூச்சத்தை விட்டுவிடலாம்.

விளக்கம் சொல்லாமல் பாட்டையே எடுத்துக் காட்டுவதற்கு மேல்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. பி.பி.சி. வானொலியில் 1967 முதல் 2004இல் மரணமடையும்வரை பெயர் தெரியாத குழுக்களின் இசைத்தட்டுகளை விடாது ஒலிபரப்பிவந்த ஜான் பீல், 1978 செப்டம்பரில் ஓர் இரவு, வட அயர்லாந்தைச் சேர்ந்த 'தி அண்டர்டோன்ஸ்' என்ற இளைஞர் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டைப் போட்டார். அது முடிந்ததும் வேறு பாட்டுக்குப் போகாமல் அதையே மறுபடியும் போட்டார். இரண்டாம் முறை போட்டதைவிடச் சிறந்த வியாக்கியானம் என்ன இருக்க முடியும்?

நம் ரசிகமணி டி.கே.சி.யும் இந்த இனத்தவரே. வட்டத்தொட்டி என்ற இலக்கிய நண்பர் குழுவுக்கு நடுவே கம்பன் பாட்டொன்றை நிறுத்தி நிதானித்து, மறுபடியும் மறுபடியும் சொல்லிக் காட்டியே கேட்டவர்களை ரசிகர்களாக்கியவர். அவரிடம் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனால் தமக்குச் சுவைக்காத பாடல்களை இடைச்செருகல் என்று நீக்கியும் சொற்களைத் திருத்தியும் அவர் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது, ரஸிகனுடைய எல்லையைக் கடந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். தான் நேசிக்கும் வஸ்துவைத் தன் ருசிக்கு ஏற்றபடி நறுக்கிக் கொடுக்கத் தொடங்குகிறவன், கேட்கிறவனுக்கும் வஸ்துவுக்கும் நடுவே தானே புதிய மறைப்பாகிவிடுகிறான். அவ்வளவு பெரிய ரஸிகருக்கே நேர்ந்த ஆபத்து இது. நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

பிளாட்பாரத்தில் கேட்ட இளைஞருக்கு அன்று நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னேன். 1990இல் டில்லியில் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்' குழு 2000இல் வெளியிட்ட 'கண்டீஸா' என்ற இசைத்தொகுப்பில், அதே பெயருள்ள பாட்டு. கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் புராதனப் பிரார்த்தனை ஒன்றைக் கிதாருக்கும் தப்லாவுக்கும் நடுவே வைத்துப் பாடுகிறார்கள். பாஷை ஓர் எழுத்தும் புரியாது. இருந்தும் முறையீடு புரிந்துவிடுகிறது. பாஷையும் மதமும் வேறாயிருப்பது ரஸத்துக்குத் தடையில்லை என்பதை இதைக்காட்டிலும் சுலபமாக உணர்த்தும் பாட்டை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு வருகிறவர்களுக்கு வேறு சிலவற்றைச் சொல்லலாம். கர்நாடக ஸங்கீதத்தில் பழகிய காதுள்ளவர்கள், பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' குழுவினர் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவைப் பாடியிருப்பதைக் கேட்கலாம். சில உருப்படிகளில் கிதார் சாஹித்யத்தை நசுக்கிவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு, தில்லானாவில் அக்குறை இல்லை. 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவினர் 2015இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்கு நவரஸம் என்றே பெயரிட்டார்கள். நாட்டுப்பாட்டில் நாட்டமுள்ளவர்களுக்கு மலையாளத்தில் பாடும் 'அவியல்'; தமிழ்ச் சொற்கள் கூர்மையாக வந்து விழ வேண்டும் என்பவர்களுக்குத் தென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்'. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு ஒன்று போதும்.

வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது. யாராவது உங்களிடம் ஆவலோடு கேட்டால், அவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று ஆராயாமல், உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு பாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வாதம் செய்யாதீர்கள். பிடித்திருந்தால், அந்தக் குழு சென்னைக்கு வந்து பாடும் நாளில் இரண்டு டிக்கெட்டுகள் வாங்கி அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.