கருணை மதிப்பெண்

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மறு ஆண்டே அது தனது முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. தேர்வு எழுதியவர் மிகச் சிலர்; எல்லாப் பாடங்களிலும் தேறியவர் ஒருவரும் இல்லை. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர், யதுநாத் போஸ் என்னும் இருவர் மட்டும் ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறி, எஞ்சிய ஒன்றில் தவறியிருந்தனர். குறைந்திருந்த மதிப்பெண் ஏழுக்கு மிகவில்லை. பல்கலைக்கழகத்தார் அவ்விருவருக்கும் சிறப்புக் கருணையாக இரண்டாம் வகுப்பில் பட்டம் அளித்தனர். இச்சலுகையைப் பின்வரும் ஆண்டுகளில் எவரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் தம் நடவடிக்கைக் குறிப்பிலேயே பதிந்து வைத்தனர்.

அந்தப் பங்கிம் சந்திரரே பின்னாளில் 'ஆனந்த மடம்' எழுதி, நாட்டிற்கு 'வந்தே மாதரம்' பாடலை அளித்தவர். ஏழு மதிப்பெண் குறைந்த செய்தி அவர் புகழைச் சற்றும் குறைத்துவிடவில்லை. இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது பல்கலைக்கழகத்தாரின் குறிப்பு. அவர்கள் கருணை காட்டினார்கள். ஆனால் கருணையைத் தகுதி என்று பெயர் மாற்றி எழுதவில்லை. எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்பதை யாரும் படித்தறியும்படி விட்டுச் சென்றார்கள்.

அதே நகரின் அண்மைக்கால வரலாறு வேறு விதமானது. 2019-ஆம் ஆண்டு ஐ.எஸ்.சி. எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கொல்கத்தா மாணவர் ஒருவரும் பெங்களூரு மாணவி ஒருவரும் நூற்றுக்கு நூறு விழுக்காடு பெற்றனர். அத்தேர்வின் வரலாற்றில் அதுவே முதல் முறை. அவ்விருவரின் உழைப்பில் ஐயமில்லை. ஐயம் அளவுகோலைப் பற்றியது. இலக்கியக் கட்டுரையில் குறையே காண முடியாது என்று கூறும் அளவுகோல், அதனினும் சிறந்த கட்டுரை ஒன்று நாளை வருமாயின் அதற்கு என்ன அளிக்கும்?

2013-இல் அமெரிக்காவில் பயின்றுவந்த இந்திய மாணவர் ஒருவர், இதே வாரியத்தின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்குத் திரட்டி ஆராய்ந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் 81, 82, 84, 85, 87, 89, 91, 93 ஆகிய எண்களை ஒருவர்கூடப் பெற்றிருக்கவில்லை! இத்தனை லட்சம் விடைத்தாள்களில் சில எண்கள் மட்டும் தாமாக மறைந்துபோதல் இயல்பன்று. மதிப்பெண்கள் சீர்படுத்தப்படுகின்றன என்று வாரியம் விளக்கம் அளித்தது. ஆண்டுக்காண்டு வினாத்தாளின் கடுமை மாறுவதால் அவ்வாறு செய்வதில் நியாயம் உண்டுதான். ஆயினும் எந்த எண் எவ்வளவு நகர்த்தப்பட்டது என்பது மாணவனுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1858-இல் எழுதி வைத்ததைப் போன்ற ஒரு வரி இங்கு இல்லை.

2021-இல் கொள்ளைநோயின் காரணமாகத் தேர்வுகளே நடைபெறவில்லை. பள்ளிகளின் பழைய மதிப்பெண்களைக் கொண்டே முடிவுகள் வெளியாயின. மேற்கு வங்கத்தின் மாத்யமிக் தேர்வில் நூற்றுக்கு நூறு விழுக்காட்டினரும் தேறினர். முதலிடத்தை மட்டும் 79 பேர் பகிர்ந்துகொண்டனர். ஐ.சி.எஸ்.இ. தேர்வில் தேறியோர் 99.98 விழுக்காடு. மாநிலத்தின் மேல்நிலைத் தேர்வில் 97.69 விழுக்காட்டினர் தேற, தவறியோர் போராடவே, சில நாட்களில் அவர்களும் தேறியவர்களாக அறிவிக்கப்பட்டனர். அந்த ஆண்டின் துயரத்தில் பிள்ளைகளை வருத்தாதிருக்க எண்ணியது மனிதத்தன்மையே. அதை மறுப்பார் யார்?

ஆனால் கொள்ளைநோய் இல்லாத ஆண்டுகளிலும் இக்கேள்வி தனியார் பள்ளிகளில் நாள்தோறும் எழுகிறது. ஐ.சி.எஸ்.இ. பாடங்கள் பெரும்பாலானவற்றில் நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணைப் பள்ளியே அளிக்கிறது. கடையில் விலைக்கு வாங்கிய செய்முறை ஏட்டை மாணவன் ஒருவன் கொண்டுவந்து வைக்கிறான் என்று கொள்வோம். ஆசிரியருக்கு உண்மை தெரியும். எட்டு என்று எழுதினால் பெற்றோர் வருவர். நிர்வாகமும் பக்கத்துப் பள்ளியின் விளம்பரப் பலகையை நினைவூட்டும். இருபது என்று எழுதினாலோ அனைவரும் மகிழ்வர். யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றாது. உண்மையில் தீங்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவனுக்கு நேர்கிறது. இரவெல்லாம் விழித்துத் தானே செய்து முடித்தவனும் அதே இருபதைத்தான் பெறுகிறான். அவனுடைய உழைப்பைக் கண்டு சொல்ல வேண்டிய ஒரே சாட்சி வாய்மூடிவிட்டது.

மதிப்பெண் என்பது பரிசன்று, அது சாட்சியம். கண்டதைக் கண்டபடி கூறுவது சாட்சியின் கடமை. மாணவனிடம் அன்பு கொண்ட ஆசிரியர் அவனோடு மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக அமரலாம். மறு வாய்ப்பு அளிக்கலாம். அவனுக்காக நிர்வாகத்திடம் மன்றாடலாம். இவையெல்லாம் அவருடைய பொருளிலிருந்து கொடுப்பவை. எட்டை இருபதாக்கும்போது கொடுக்கப்படுவதோ அடுத்தவனின் பொருள். மதுரைத் தருமியின் கதையைத் தமிழர் அறிவர். அவன் வறுமைக்கு இரங்கிய இறைவனே பாடலை எழுதிக் கொடுத்தும், அவையில் கேட்ட கேள்விக்குத் தருமியால் விடை கூற இயலவில்லை.

அப்படியாயின் பள்ளியின் மதிப்பீட்டை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, அனைவருக்கும் பொதுவான ஒரே தேர்வை வைத்துவிடலாமே எனலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் அவ்வாறே பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது, அது நன்றே. ஆனால் பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்ட இயன்றவன் யார், இயலாதவன் யார் என்பதையும் அது பார்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வின்படி மேற்கு வங்கத்தின் ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவரில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துகின்றனர்.

2018 ஜூலையில் கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகம், ஆங்கிலம், வங்காளம், ஒப்பிலக்கியம், வரலாறு, தத்துவம், அரசியல் ஆகிய ஆறு துறைகளுக்கான நுழைவுத் தேர்வை நீக்கி, பள்ளி இறுதி மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு மாணவரைச் சேர்ப்பதென முடிவு செய்தது. தேர்வு வேண்டும் என்று மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்கள் ஏற்கெனவே இடம் பெற்றுவிட்டவர்கள். தேர்வை எழுத வேண்டியவர்கள் இன்னும் வாயிலுக்கு வெளியே நின்றிருந்தவர்கள். ஜூலை 10 அன்று பல்கலைக்கழகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. பாதி பள்ளி மதிப்பெண்ணுக்கு, பாதி நுழைவுத் தேர்வுக்கு என்னும் ஏற்பாடு முடிவாயிற்று.