பொறுமையும் தாமதமும்

வியாபாரப் பெருமக்களுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு தேங்கிய காலத்தும் கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்கள் நாம். ஆனால் பிரசவ அறையின் வெளியே காத்திருப்பதெல்லாம் பொறுமைதானா என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

வலி விடாமல் எடுக்கிறது, குழந்தையோ இறங்கவில்லை. தலை தாயின் இடுப்பெலும்பில் சிக்கியிருக்கலாம், அல்லது குழந்தை குறுக்கே கிடக்கலாம். இதுவே தடைப்பட்ட பிரசவம். மணிக்கணக்கில் இப்படியே விட்டால் கருப்பை கிழியலாம். இரத்தப் போக்கும் விஷக் காய்ச்சலும் தாயின் உயிரைக் குடிக்கலாம். பிழைத்தவளுக்கும், தலை அழுத்திய இடத்தில் சதை செத்து, சிறுநீர் ஓயாது கசியும் துன்பம் நேர்வதுண்டு. குழந்தை மூச்சுத் திணறி இறந்தே பிறக்கலாம். உயிரோடு பிறந்தாலும் மூளை பழுதுபடலாம். இதை 'நஸீபு' என்று சொல்லிவிடுகிறோம். கடிகாரத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் எட்டு ஆஸ்பத்திரிகளில் 35,484 பிரசவங்களை வைத்து உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திய சோதனையின் முடிவு 1994-ல் வெளிவந்தது. பிரசவம் முன்னேறும் விதத்தை ஒரு தாளில் கோடிட்டுக் குறித்து வந்தார்கள்; முன்னேற்றம் குறித்த எல்லையைத் தாண்டிப் பின்தங்கினால் உடனே நடவடிக்கை. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியை மருந்தால் தூண்ட வேண்டியவையும் 20.7-லிருந்து 9.1 ஆயின, அவசர அறுவைகளும் குறைந்தன. அதாவது அந்தத் தாள் பொறுமையைக் கைவிடச் சொல்லவில்லை. அது எந்த மணியோடு முடிகிறது என்பதைத்தான் காட்டிற்று. எனக்கு இது பெரிய நீதியாகவே தோன்றுகிறது.

மலேசியாவில் 1950-ல் லட்சம் பிரசவத்துக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர்; 1997-ல் 20-க்கும் கீழே வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியரும் ஆஸ்பத்திரிகளும் இதற்குப் பெருங் காரணம். ஆயினும் தாதி 'கொண்டு போங்கள்' என்று சொன்ன பிறகு கொண்டு போகிறவர் வேண்டுமே!

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல, மலைப்பாதை, மழை, இரவு. கோசு லாரி நேரம் தவறாமல் மலையிறங்குகிறது. வாடிப் போகும் சரக்கு என்பது நமக்குத் தெரியும். பிரசவ வீட்டிலோ 'வீட்டுக்காரர் வரட்டும்', 'விடியட்டும்' என்கிறார்கள். முடியவில்லை என்று சொல்லும் அந்தப் பெண்ணின் வார்த்தையை மாமியாரின் அனுபவத்துக்குக் கீழே வைப்பது எந்த நியாயம்?

தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்று உழைப்போரில் வெளிநாட்டார் அநேகர். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கட்டணம் பன்மடங்கு; பத்திரமில்லாதவருக்குப் பிடிபடும் அச்சம் வேறு. அவர்கள் தாமதிப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நம் கடையில் பற்று வைத்து அரிசி வாங்குகிறவர்கள் அவர்கள். நடுச்சாமத்தில் ஒருவன் வந்து கதவைத் தட்டினால் வண்டிச் சாவியை எடுப்போமா, கட்டணம் யார் தருவார் என்று முதலில் கேட்போமா என்பதை வீட்டாரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.