நாணம் யாருக்கு உரியது?

புனே நகரின் வடமேற்கில், முளா ஆறும் பவனா ஆறும் கூடும் இடத்திற்கு அருகில் அமைந்துள்ளது சாங்வி. அங்கிருந்து ஆற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ராணுவத்தினர் வாழும் கட்கி. மறுபுறம் சென்றால் பிம்ப்ரியின் தொழிற்சாலைகள். கொடுப்பதையும் பெறுவதையும் பற்றிய ஒரு பழைய கேள்வியை ஆராய இந்தச் சிறிய நிலப்பரப்பே போதுமானது.

கட்கியில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. முதல் உலகப் போரில் உடலுறுப்புகளை இழந்த இந்திய வீரர்களுக்காக 1917-இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, பின்னர் கட்கிக்கு மாற்றப்பட்டது குயின் மேரி தொழில்நுட்ப நிலையம். போரிலும் பணியிலும் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கு அது தொழிற்கல்வி அளித்து வந்துள்ளது. மற்றொன்று, தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலேயே வாழ நேர்ந்த வீரர்களுக்காக 1974-இல் நிறுவப்பட்ட மறுவாழ்வு மையம்.

அதே புனேயில் வாழ்க்கை நடத்திய முன்னாள் ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர். குத்துச்சண்டை வீரராக இருந்த அவர், 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டார். தண்டுவடம் பாதிக்கப்பட்டது. சிகிச்சையின் ஒரு பகுதியாக நீந்தத் தொடங்கினார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

போருக்குப் பின் அவருக்கு நிதியுதவி அளிக்க டாடா நிறுவனத்தினர் முன்வந்தபோது, பணம் வேண்டாம், வேலை தாருங்கள் என்று அவர் கேட்டதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதன்படியே டெல்கோ தொழிற்சாலையில் பணியில் சேர்ந்து நெடுங்காலம் உழைத்தார். எனினும் அவர் எல்லா உதவியையும் மறுத்துவிடவில்லை. வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்ல, முன்னாள் கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் சார்ந்திருந்த தொண்டு அமைப்பு உதவியபோது அதை ஏற்றுக்கொண்டார்.

ஓர் உதவியை மறுத்தவர் மற்றோர் உதவியை ஏன் ஏற்றார்? இரண்டும் நல்லெண்ணத்துடன் வந்தவையே. ஆனால் நிதியுதவி, இனி இவரால் இயலாது என்ற எண்ணத்திலிருந்தும் வரக்கூடும். பயணச் செலவோ இவரால் இயலும் என்ற நம்பிக்கையிலிருந்து மட்டுமே வரமுடியும். பெறுபவரின் உள்ளம் இந்த வேறுபாட்டை உடனே உணர்ந்துகொள்கிறது.

உபநிஷதம் கூறும் நிபந்தனைகள்

தைத்திரீய உபநிஷதத்தில், கல்வியை முடித்து இல்லறம் புகவிருக்கும் மாணவனுக்கு ஆசிரியர் அறிவுரை கூறும் பகுதி ஒன்று உள்ளது. தானம் செய் என்று சொல்வதுடன் அவர் நின்றுவிடவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் வரிசைப்படுத்துகிறார்: சிரத்தையுடன் கொடுக்க வேண்டும், சிரத்தையின்றிக் கொடுக்கலாகாது, வசதிக்கேற்பக் கொடுக்க வேண்டும், நாணத்துடன் கொடுக்க வேண்டும், அச்சத்துடன் கொடுக்க வேண்டும், அறிந்து கொடுக்க வேண்டும்.

இவற்றுள் வியப்பளிப்பது நாணம். உலக வழக்கில் கூச்சம் பெறுபவருக்கு உரியது. நீட்டும் கைதான் தயங்குகிறது, குனியும் தலைதான் வெட்கப்படுகிறது. உபநிஷதமோ அந்த நாணத்தைப் பெறுபவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பவரிடம் வைத்துவிடுகிறது. இவ்வளவு தேவைக்கு முன்னால் இவ்வளவு சிறிதுதானே கொடுக்க முடிகிறது என்ற நாணம் அது. சகமனிதர் ஒருவர் கேட்கும் நிலைக்கு வரும்வரை கவனியாமல் இருந்துவிட்டோமே என்ற நாணமும் அதில் அடங்கும்.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், கடமை என்று உணர்ந்து, தகுந்த இடத்தில் தகுந்த காலத்தில் கொடுப்பது சாத்துவிகம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ கொடுப்பது ராஜசம். மரியாதையின்றி, இகழ்ச்சியுடன் கொடுப்பது தாமசம். கொடுக்கும் தொகையின் அளவு இங்கே எந்த இடத்திலும் அளவுகோலாகக் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. லட்சக்கணக்கில் கொடுத்தாலும், பெறுபவரைத் தாழ்வாக எண்ணினால் அந்தத் தானம் கடைசி வகையில்தான் சேரும்.

இரக்கத்திற்கு எதிரான மறியல்

இந்த உண்மையை உலகம் வேறொரு வழியில் கற்றுக்கொள்ள நேர்ந்தது. மேலைநாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்காக நிதி திரட்டும் நெடுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல ஆண்டுகள் நடைபெற்றன. பார்ப்பவர் கண்களில் நீர் வர வேண்டும், அப்போதுதான் பணம் வரும் என்பது அவற்றின் கணக்கு. பிரிட்டனில் இத்தகைய நிகழ்ச்சிக்கு எதிராக 1990-இலும் 1992-இலும் மாற்றுத்திறனாளிகளே திரண்டு, லண்டனில் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் மறியல் செய்தார்கள். எங்களுக்கு வேண்டியது உரிமை, இரக்கம் அன்று என்பதே அவர்களின் முழக்கத்தின் சாரம். 1992-க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை.

யாருக்காக நிதி திரட்டப்பட்டதோ அவர்களே அதைத் தடுக்க வந்தார்கள் என்பது முதல் பார்வையில் நன்றியின்மையாகத் தோன்றலாம். ஆனால் அவர்களின் குறை நியாயமானது. ஒருநாள் இரவு கண்ணீருடன் பணம் அனுப்பியவர், மறுநாள் காலை அவர்களைத் தம் அலுவலகத்தில் வேலைக்கு எடுக்கத் தயங்கினார். தம் வீட்டை வாடகைக்கு விடத் தயங்கினார். திரையில் பரிதாபமாகக் காட்டப்பட்டவரை நேரில் சமமானவராகக் காண அவருக்கு இயலவில்லை.

உலகில் சுமார் 130 கோடி மக்கள், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி பேரைப் பதிவு செய்தது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை இவர்களின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் இந்தியா அதை உறுதி செய்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்துள்ளது.

அப்படியானால் தானம் தேவையற்றதா? சட்டம் சாய்தளம் அமைக்கச் சொல்லும். படியில் ஏற முடியாதவரைக் கண்டவுடன் ஒருவர் இருக்கையிலிருந்து எழ வேண்டும் என்பதைச் சட்டம் கற்பிக்காது. உரிமை என்பது பெறுபவர் பக்கம் நின்று பேசும் சொல். கடமை என்பது கொடுப்பவர் பக்கம் நின்று பேசும் சொல். இரண்டும் ஒரே உண்மையைத்தான் குறிக்கின்றன. கடமையை உணர்ந்து கொடுப்பவன் பிறருடைய உரிமையைத்தான் திருப்பித் தருகிறான்.

ஆய்க்குடி காட்டும் வழி

தமிழ்நாட்டில், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டபோது கீழே விழுந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். தமக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981-இல் தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பின்னர் தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளரான சங்கரராமன் அவருடன் இணைந்தார். சில குழந்தைகளுக்கான சிறிய பள்ளியாகத் தொடங்கிய பணி, சிகிச்சை, கல்வி, தொழிற்பயிற்சி என்று கிராமங்கள்தோறும் விரிந்தது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அன்பர்கள் பொருள் தருகிறார்கள். ஆனால் எதற்கு, எப்படிச் செலவிட வேண்டும் என்று அறிந்தவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களே. உபநிஷதம் கூறும் ‘அறிந்து கொடுத்தல்’ என்பதற்கு இதுவே பொருள். சக்கர நாற்காலி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உணர்ச்சியற்ற உடலுக்குப் பொருந்தாத நாற்காலியில் பல மணி நேரம் அமர்ந்தால் அழுத்தப் புண் உண்டாகும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் அளவெடுத்துப் பொருத்தி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, பழுதுபார்க்க வழி செய்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் நெறிமுறை வகுத்தது. நூறு நாற்காலிகளை மேடையில் அடுக்கிப் புகைப்படம் எடுப்பது எளிது. ஒருவரிடம் சென்று, உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்பதற்குப் பணிவு வேண்டும்.

எழுந்து நிற்க இயலாதவர்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பேட்கரும் ராமகிருஷ்ணனும் சாதித்தவர்கள். சாதித்தவர்களையே எடுத்துக்காட்டிக் கொண்டிருந்தால், உதவி பெறுவதற்குச் சாதனை ஒரு தகுதியாகிவிடும். ஒருபோதும் பதக்கம் வெல்லாத, வேலைக்குச் செல்ல இயலாத, தானே உணவை எடுத்து உண்ணவும் முடியாத குழந்தையின் நிலை என்ன? அக்குழந்தையின் தாய் இருபது ஆண்டுகள் கண்விழித்தாலும், திருப்பித் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை என்று உலகம் கூறும்.

போரில் ஊனமுற்ற வீரருக்கு அளிப்பதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. அவர் முதலில் கொடுத்துவிட்டார், நாடு கடன்பட்டிருக்கிறது என்று அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறவியிலேயே நடக்க இயலாத குழந்தைக்குச் சமூகம் எந்த வகையில் கடன்பட்டிருக்கிறது? விடை, நடப்பவரின் கால்களில் இருக்கிறது. நடக்கும் கால்களை எவரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. பார்க்கும் கண்களுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. கேளாமலேயே அவற்றைப் பெற்றவர், பெறாதவருக்கு முன்னால் நிற்கும்போது உரிமையாளராக நிற்க முடியாது. கடன்பட்டவராகவே நிற்க முடியும். உபநிஷதம் சொன்ன நாணத்தின் வேர் இதுதான்.

சிலர் இதற்கு, அது அவனுடைய முன்வினை என்று விடை கூறி அமைதி அடைகிறார்கள். கர்மக் கொள்கை தன்னைச் சோதித்துக்கொள்வதற்காகத் தரப்பட்டது. பிறருக்குத் தீர்ப்பு எழுதுவதற்காக அன்று. அடுத்தவரின் துன்பத்தைக் கண்டு, எனது வினை என்னை இங்கே எதற்காகக் கொண்டுவந்து நிறுத்தியது என்று கேட்பவனே அக்கொள்கையைச் சரியாகப் புரிந்துகொண்டவன்.

எட்டுக் கோணலான உடலுடன் அஷ்டாவக்கிரர் ஜனகரின் சபைக்கு வந்தபோது அங்கிருந்த அறிஞர்கள் சிரித்தார்கள் என்று மரபுக் கதை கூறுகிறது. தோலை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்களே என்று அவரும் திருப்பிச் சிரித்தாராம். ஜனகர் அவரைக் குருவாக ஏற்றார். அஷ்டாவக்கிரர் பேரறிஞர் என்பதால் மட்டுமே அவர் மதிக்கத்தக்கவர் என்று இக்கதையைப் படிக்கலாகாது. அவர் உபதேசித்த ஆன்மா, பேச இயலாத குழந்தைக்குள்ளும் குறைவின்றி விளங்குகிறது. எல்லா உடல்களிலும் ஒன்றையே காண்பது வேதாந்தம் என்றால், உதவும் நேரத்தில்தான் அது சோதிக்கப்படுகிறது.

ஆகவே கொடுக்கும் முன் ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. பெறுபவரிடம் அவரது தேவையைக் கேட்டறிந்தோமா? பிறந்தநாளில் ஒருவேளை உணவு தருபவர், மாதந்தோறும் சிறிதளவேனும் தொடர்ந்து தர முடியுமா? அந்தப் புகைப்படத்தில் நிற்க நம் பிள்ளையை அனுமதிப்போமா? நாம் வழிபடும் கோயிலுக்கும் கூடும் சத்சங்கத்திற்கும் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால், யாரையும் அழைக்காமல் உள்ளே வர அவரால் முடியுமா?

கடைசிக் கேள்விக்குச் செங்கல்லும் சிமென்ட்டும் சிறிதளவு போதும். அந்தச் சாய்தளத்தில் தம் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஒருவர் சந்நிதி முன் வந்து நிற்கும்போது, கட்டிக் கொடுத்தவருக்கு அவர் நன்றி சொல்லாமல் போகலாம். அது அவர் எப்போதோ வந்திருக்க வேண்டிய இடம். காத்திருக்க வைத்தவர்கள் தலைகுனிந்து வழிவிட்டு நிற்பதே முறை.