திக்குவாயும் திருவருளும்



மனம் வாக்குக் காயம் என்னும் முக்கரணங்களாலும் சிவபெருமானை வழிபடுதற்பொருட்டே இம்மானுடப் பிறவி எடுத்தோம் என்று நம் பெரியோர் கூறுவர். இம்மூன்றனுள் வாக்கு ஒருவனுக்கு இடையறவுபடுமாயின், அவனது வழிபாடு குறைவுடையதாகுமோ? இவ்வினா எமக்கு நூலாராய்ச்சியால் எழுந்ததன்று. யாம் இளமைதொட்டே திக்குவாயுடையேம்.

பாடசாலையிலே மாணாக்கர் அனைவரும் கூடித் தேவாரம் ஓதும்போது எம் நா இடறியதில்லை. தனித்து எழுந்து வசனமொன்று வாசிக்கப் புகின், முதலெழுத்தே எம்மை மறித்து நிற்கும். உடன்பயில்வோர் நகைப்பர். ஒருநாள் ஆசிரியரொருவர், "முற்பிறப்பிலே பெரியோரை இகழ்ந்த நா இது" என்றார். அச்சொல்லைப் பல்லாண்டு சுமந்தேம். குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயதுவரையும் பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகக்கடவுள் திருவருளினாலே வாய்திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடிய வரலாற்றைக் கேட்டு, யாமும் விரதங்கள் நோற்றேம். திக்கல் நீங்கிற்றில்லை. இறைவன் எம்மைக் கைவிட்டான் என்றே துணிந்தேம்.

அத்துணிவை மாற்றியது சுந்தரமூர்த்தி நாயனார் சரித்திரம். சங்கிலியாருக்குச் செய்த சபதம் பிழைத்துத் திருவொற்றியூரை நீங்கியபொழுது நாயனார் கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கத்திலே அவர் இறைஞ்சியபோது பெருமான் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியிலே ஒரு கண்ணும், திருவாரூரிலே மற்றைக் கண்ணும் பின்னரே பெற்றார். யாம் கண்பெற்ற தலங்களை மாத்திரமே நினைந்திருந்தேம். இடைவழியிலே கோலூன்றி நடந்தவரும் அத்தம்பிரான் தோழரேயன்றோ! அந்நாளிலும் அவர் பாடுதலை ஒழிந்தாரல்லர். நாயனார் தம் பிழையைத் தாம் அறிவார். எமக்கு இது எவ்வினையால் வந்ததென்று யாம் அறியேம். அறியாததனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. வினைக்கொள்கை தன்னைத் திருத்துதற்கு உரியது. பிறனைச் சுடுதற்கு உரியதன்று.

எமக்கு அளிக்கப்பட்ட ஊன்றுகோல் திருவைந்தெழுத்து. செபம் வாசிகம், உபாஞ்சு, மானசம் என மூவகைப்படும். பிறர் செவிக்குக் கேட்பது வாசிகம்; தன் செவிக்கே கேட்பது உபாஞ்சு; நா அசையாது உள்ளத்தே நிகழ்வது மானசம். இவற்றுள் மானசமே சிறந்ததென்பது நூற்றுணிபு. திருமயிலையில் வாழ்ந்த வாயிலார் நாயனார், மறவாமையே கோயிலாகவும், உணர்வே விளக்காகவும், ஆனந்தமே திருமஞ்சனமாகவும், அன்பே நைவேத்தியமாகவும் அகத்தே பூசித்தார். வாயிலார் என்பது அவர்தங் குடிப்பெயர் என்பர் சேக்கிழார். ஓசையில்லாத அப்பூசையே அவரை அறுபத்துமூவருள் ஒருவராக்கிற்று.

இதனை உணர்ந்தபின், வாய்விட்டு ஓதுதற்கும் அஞ்சேமாயினேம். சந்நிதியில் நின்று "சிவாயநம" என்னத் தொடங்கிச் சிகரத்திலே பலகால் தடைப்பட்டு நிற்பேம். ஐந்தெழுத்தினுள் சிகரம் சிவத்தைக் குறிப்பது. பிறர் ஒருகால் சொல்வதனை யாம் பலகால் சொல்கின்றேம். இதிலே இழப்பு யாது? திக்கல் இன்றும் உளது. நாணம் இல்லை.

ஆசிரியர்களே! நுங்கள் வகுப்பிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் இருத்தல் கூடும். அவன் அறிவிற் குறைந்தவனல்லன். அவன் சொல்லை நீங்கள் முடித்துவையாதீர்கள், விரைவுபடுத்தாதீர்கள், அவன் முறையைக் கடந்து அடுத்தவனை எழுப்பாதீர்கள். நகைப்போரைத் தடுங்கள். பேச்சிலே திக்குவோர் பலர் இசையிலே திக்குவதில்லை. ஆதலால் அவனைப் பண்ணோடு ஓதுவியுங்கள். பேச்சுப் பயிற்சி அளிப்போர் கிடைப்பின் அவரிடம் அனுப்புதல் திருவருளுக்கு மாறாகாது. ஆயினும், நேர்ந்தால் திக்கல் தீரும் என்று அவனுக்கு உறுதி கூறாதீர்கள். தீராதாயின், எம்மைப்போலத் தான் கைவிடப்பட்டதாக அவன் எண்ணுவான்.

கண்ணை அளித்தல் இறைவன் செயல். ஊன்றுகோலாய் நிற்றல் நுமக்கும் இயலும். அதனைச் செய்ம்மின்கள்.

திருச்சிற்றம்பலம்.